இரவில் எதுக்களித்தால் எப்படிப் படுப்பது: தலையணை அடுக்கா, சாய்வுத் தலையணையா, கட்டில் காலுக்கு முட்டா?

நடுராத்திரி இரண்டு மணிக்குத் தொண்டை வரை புளிப்பு ஏறி, இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்த அனுபவம் உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். பகலில் வரும் நெஞ்செரிச்சலைச் சமாளித்துவிடலாம், எழுந்து நடப்போம், இரண்டு மடக்கு தண்ணீர் குடிப்போம், அதுவும் அடங்கிவிடும். ராத்திரி வருவது அப்படி இல்லை. பாதித் தூக்கத்தில் எழுந்து, இருட்டில் தலையணையைத் தட்டி நிமிர்த்தி, அதன்மேல் இன்னொன்றை அடுக்கி, சாய்ந்து, கழுத்து வலித்து, மறுபடி சரிந்து, அதற்குள் விடிந்துவிடும். நான் ஏறக்குறைய ஒரு வருஷம் இப்படித்தான் ஓட்டினேன். அதற்கப்புறம்தான் ஒவ்வொரு வழியாக, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வாரம் கொடுத்து, ஒழுங்காக மாற்றிப் பார்த்தேன்.

அதில் நான் கண்டது இதுதான்: படுத்தவுடன் எவ்வளவு சுகமாக இருக்கிறது என்பதை வைத்து எதையும் வாங்கிவிடக் கூடாது. படுத்த முதல் பத்து நிமிஷம் எல்லாமே சுகம்தான். மூன்று மணிக்கு, நமக்கே தெரியாமல் நாலு தடவை புரண்ட பிறகு, உடம்பு எந்தக் கோணத்தில் கிடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். காலையில் கண் திறந்ததும் அசையாமல், தலை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறோம் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். பாதி பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம், இல்லாவிட்டால் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்றே புரியாது. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் வளையம்போல ஒரு தசை இருக்கிறது. விழுங்கும்போது திறக்கும், மற்ற நேரம் இறுகிக் கிடக்கும். ஆனால் விழுங்காதபோதும் அது அவ்வப்போது தானாகத் தளர்ந்து கொடுக்கும், வயிறு நிறைந்து உப்பியிருக்கும்போது அடிக்கடி தளரும். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கும் இது நடப்பதுதான். பகலில் இப்படி மேலே ஏறும் அமிலம் அதே வேகத்தில் இறங்கிவிடுகிறது, ஏனென்றால் நாம் நிமிர்ந்து இருக்கிறோம், ஓயாமல் எச்சிலை விழுங்குகிறோம், அந்த எச்சிலில் உள்ள பைகார்பனேட் மிச்சமிருக்கும் அமிலத்தைக் கழுவி அடக்குகிறது. தூங்கும்போது எச்சில் சுரப்பு மிகவும் குறைந்துவிடும், விழுங்குவதும் அரிதாகிவிடும், படுத்திருப்பதால் புவியீர்ப்பும் கைகொடுக்காது. பகலில் ஒரு நிமிஷத்தில் இறங்குவது ராத்திரியில் அங்கேயே தங்கி உணவுக்குழாயை அரித்துக்கொண்டிருக்கும்.

ஆக எந்த வழியாக இருந்தாலும் அதைப் பார்த்து இரண்டு கேள்வி கேட்க வேண்டும். மேலே ஏறுவதைக் குறைக்கிறதா? ஏறியதைச் சீக்கிரம் இறக்குகிறதா? மூன்றாவதாக ஒன்று, அதை யாரும் கேட்பதில்லை: அதிலேயே ராத்திரி முழுக்கத் தூங்க முடிகிறதா?

இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பது

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், இன்று ராத்திரியே காசில்லாமல் செய்து பார்க்கலாம். இரைப்பை வயிற்றின் நடுவில் நேராகத் தொங்குவதில்லை, அதன் பெரிய பகுதி இடப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. இடப்பக்கம் ஒருக்களித்தால் அந்தப் பை கீழே போய், உணவுக்குழாய் சேரும் வாய் மேலே நிற்கும். வலப்பக்கம் திரும்பினால் அப்படியே தலைகீழ். பை மேலே, வாய் கீழே, உள்ளே இருக்கும் அமிலம் வாசலிலேயே வந்து நிற்கும். பாதி தண்ணீர் உள்ள ஒரு பாட்டிலை மூடியோடு படுக்கப்போட்டு இரண்டு பக்கமும் சாய்த்துப் பார்த்தால் போதும்.

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் 57 பேரைத் தூங்கவைத்து, அவர்கள் எப்படிப் படுத்திருக்கிறார்கள் என்பதையும் உணவுக்குழாயில் அமிலம் எவ்வளவு என்பதையும் ஒரே நேரத்தில் அளந்த ஆய்வு 2022-ல் வெளியானது. அதில் எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், எத்தனை முறை அமிலம் ஏறியது என்பதில் எந்தப் பக்கம் படுத்தாலும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. இறங்க எடுத்துக்கொண்ட நேரத்தில்தான் வித்தியாசம்: இடப்பக்கம் படுத்தபோது நடுமதிப்பாக 35 விநாடி, மல்லாந்து படுத்தபோது 76, வலப்பக்கம் 90. முதல் கேள்விக்கு இடப்பக்கம் பெரிதாக எதுவும் செய்வதில்லை, இரண்டாவது கேள்விக்குப் பிரமாதமாகச் செய்கிறது. அதனால்தான் இடப்பக்கம் படுத்தும் சிலருக்குப் புளித்த ஏப்பம் வருகிறது, ஆனால் எரிச்சல் தங்குவதில்லை. ஏப்பம் வந்ததே என்று அதை விட்டுவிட வேண்டாம்.

சிக்கல் மூன்றாவது கேள்வியில். தூங்கும்வரை இடப்பக்கம் படுப்பது யாராலும் முடியும். தூங்கிய பிறகு உடம்பு யார் பேச்சைக் கேட்கிறது? எனக்கு முதல் வாரம் ஐந்து நாள் வலப்பக்கமாகத்தான் விழிப்பு வந்தது. முதுகுக்குப் பின்னால் நீளமான, கொஞ்சம் கெட்டியான தலையணை ஒன்றை அண்டைக் கொடுத்து, முன்னால் இன்னொன்றைக் கட்டிக்கொண்டு, முழங்கால்களுக்கு நடுவிலும் அதன் நுனியை இடுக்கிக்கொண்ட பிறகுதான் இது ஓரளவு வழிக்கு வந்தது. முழங்காலுக்கு நடுவே ஏதாவது வைப்பது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் மேல்கால் முன்னால் சரிந்து இடுப்பைத் திருகுவதும் நம்மைப் புரளவைக்கும். சிலர் பழைய பனியனின் வலப்பக்க விலாவில் ஒரு டென்னிஸ் பந்தை வைத்துத் தைத்துக்கொள்வார்கள், வலப்பக்கம் திரும்பினால் அது குத்தி எழுப்பும். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் இதே யோசனையைத்தான் கருவியாகவும் செய்திருக்கிறார்கள்: மார்பில் ஒட்டிக்கொண்டால் வலப்பக்கம் திரும்பும்போது மெல்ல அதிரும். அதே ஆம்ஸ்டர்டாம் குழு 100 பேரிடம் இரண்டு வாரம் சோதித்துப் பார்த்ததில், நிஜக் கருவி கட்டியவர்களில் 44 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க குணம், வேலை செய்யாத போலிக் கருவி கட்டியவர்களில் 24 சதவீதம் பேருக்கு. இதைப் பார்க்கும்போது இரண்டு விஷயம் தெரிகிறது. படுக்கும் பக்கம் உண்மையிலேயே வேலை செய்கிறது. அது ஒன்றே எல்லோருக்கும் போதாது.

இடத்தோள் வலிப்பவர்களுக்கு இது நரகம். மெத்தை கெட்டியாக இருந்தால் இரண்டு மணி நேரத்தில் கை மரத்துவிடும். தலையணை உயரம் தோளின் அகலத்துக்குச் சரியாக இருக்க வேண்டும், தாழ்வாக இருந்தால் தோள் நசுங்கும். இதயச் செயலிழப்பு உள்ள சிலருக்கு இடப்பக்கம் படுத்தால் மூச்சு முட்டும், அவர்கள் வற்புறுத்திக்கொண்டு படுக்க வேண்டாம், மருத்துவரிடம் பேசிவிட்டு மற்ற வழிகளைப் பார்க்கலாம். கர்ப்பிணிகளுக்கு, முக்கியமாகக் கடைசி மூன்று மாதங்களில், ஒருக்களித்துப் படுப்பது வேறு காரணங்களுக்காகவும் சொல்லப்படுவதுதான், அதிலும் இடப்பக்கம் என்றால் எரிச்சலுக்கும் சேர்த்து உதவும்.

சாதாரணத் தலையணைகளை அடுக்குவது

எல்லோரும் முதலில் செய்வது இதுதான், உருப்படாததும் இதுதான். இரண்டு மூன்று தலையணையை அடுக்கினால் தலையும் கழுத்தும் மட்டும் உயரும், மார்பு அப்படியே மெத்தையில் கிடக்கும். உயர வேண்டியது தலை இல்லை, உணவுக்குழாய். அதற்கு மேல், உடம்பு நடுவில் மடிவதால் வயிறு அமுங்குகிறது, அமுங்கிய வயிறு அமிலத்தை மேலே தள்ளுகிறது. சரி பண்ணப் போய் அதையே கூட்டிக்கொள்கிறோம். காலையில் கழுத்து வலி வேறு. ஒரு ராத்திரிக்கு வேறு வழியே இல்லை, வெளியூரில் தங்கியிருக்கிறோம் என்றால், தலையணைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் படிக்கட்டு மாதிரி இடுப்பிலிருந்து மேலே பரப்பி, அடியில் மடித்த கம்பளியைக் கொடுத்து ஒரு சரிவு மாதிரி செய்துகொள்ளலாம். அவ்வளவுதான் அதனால் ஆகும்.

சாய்வுத் தலையணை

முக்கோண ஆப்பு வடிவத்தில் கெட்டியான நுரையில் செய்து விற்கிறார்கள். கடையில் தொட்டுப் பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும், பார்க்க வேண்டியது இரண்டு அளவு: நீளம், உயரம். உயரம் 15-லிருந்து 20 சென்டிமீட்டர் இருந்தால் போதும். நீளம்தான் முக்கியம். 40 சென்டிமீட்டர் நீளமுள்ளதை வாங்கினால் முதுகின் நடுவில் போய் முடியும், அங்கேயே உடம்பு மடியும், தலையணை அடுக்கின கதைதான். குறைந்தது 60 சென்டிமீட்டராவது வேண்டும், இடுப்புக்குச் சற்று மேலிருந்து சரிவு ஆரம்பிக்க வேண்டும். உயரமானவர்களுக்கு அதற்கும் மேலே.

இதை ஒரு சின்னக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். 60 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் உயரம் என்றால் சரிவு ஏறக்குறைய 18 டிகிரி. உணவுக்குழாயின் நீளம் சுமார் 25 சென்டிமீட்டர். அந்தச் சரிவில் படுத்தால் தொண்டைப் பக்கம் வயிற்றின் வாயைவிடச் சுமார் 8 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கும். அதே 20 சென்டிமீட்டரை இரண்டு மீட்டர் கட்டிலின் தலைமாட்டுக் காலுக்கு அடியில் கொடுத்தால் சரிவு 6 டிகிரிக்கும் குறைவு, தொண்டைக்குக் கிடைக்கும் உயரம் வெறும் இரண்டரை சென்டிமீட்டர். கணக்குப்படி பார்த்தால் சாய்வுத் தலையணை மூன்று மடங்குக்கும் மேல் நல்லது. நானும் இதை நம்பித்தான் முதலில் அதை வாங்கினேன்.

முதல் நாலு நாள் அருமை. ஐந்தாம் நாள் காலையில் கண் விழித்தபோது என் தலை அந்த ஆப்பின் அடிவாரத்தில், மெத்தையில் தட்டையாக, அதுவும் குப்புறக் கிடந்தது. ராத்திரி எப்போது சரிந்தேன் என்றே தெரியவில்லை. அந்த எட்டு சென்டிமீட்டர் எனக்குக் கிடைத்தது முதல் இரண்டு மணி நேரத்துக்குத்தான்.

சரியாமல் இருக்க வழி உண்டு. முழங்காலுக்கு அடியில் ஒரு சுருட்டுத் தலையணை, வழுக்காத உறை, ஆப்பின் கீழ்விளிம்பில் இடுப்புக்கு முட்டாக மடித்த துண்டு. மல்லாந்து படுப்பவர்களுக்கு இது நன்றாக வேலை செய்கிறது. ஒருக்களிப்பவர்களுக்குத்தான் கஷ்டம், 18 டிகிரி சரிவில் இடப்பக்கம் திரும்பினால் இடுப்பு பள்ளத்திலும் தோள் மேட்டிலுமாக முதுகெலும்பு வளைந்து கிடக்கும். கைக்கு ஒரு குழி வெட்டி, இடப்பக்கம் படுப்பதற்கென்றே செய்த வகைகளும் வருகின்றன, கை மரக்காமல் இருக்க அது நல்ல யோசனைதான், ஆனால் மெத்தையில் பாதியை அது பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, கூடப் படுப்பவருக்கு இதனால் எந்தத் தொந்தரவும் இல்லை. கையோடு எடுத்துப் போகலாம், காரில் வைக்க இடம் இருந்தால். தரையில் மெத்தை போட்டுப் படுப்பவர்களுக்கும், கட்டிலின் காலைத் தொட முடியாதவர்களுக்கும் இதுதான் வழி.

கட்டிலின் தலைமாட்டுக் காலுக்கு முட்டுக் கொடுப்பது

பார்க்க மிகப் பழைய வைத்தியம் மாதிரி இருக்கும். மருத்துவ வழிகாட்டுதல்களில் ராத்திரித் தொந்தரவுக்கு இன்னமும் சொல்லப்படுவது இதுதான். தலைமாட்டின் இரண்டு கால்களுக்கும் அடியில் 15-லிருந்து 20 சென்டிமீட்டர், அதாவது ஆறிலிருந்து எட்டு அங்குலம் கட்டை கொடுக்கிறோம். கட்டில் முழுவதும் ஒரே சீராகச் சரிகிறது. உடம்பு எங்கேயும் மடிவதில்லை, வயிறு அமுங்குவதில்லை. இடம், வலம், மல்லாந்து, குப்புற என்று எப்படிப் புரண்டாலும் அந்தச் சரிவிலிருந்து தப்ப முடியாது. இதன் பலமே அதுதான். கிடைக்கும் உயரம் இரண்டரை சென்டிமீட்டர்தான், ஆனால் ஏழு மணி நேரமும் கிடைக்கிறது. அதோடு இடப்பக்கம் ஒருக்களிப்பதைச் சேர்த்துக்கொண்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று இடிப்பதில்லை, சாதாரணச் சாய்வுத் தலையணையில் அது கஷ்டம்.

செய்யும்போது கவனிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. கட்டையின் மேல்பக்கம் கால் உட்காரும் அளவுக்குக் குழிவு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு நாள் ராத்திரி கட்டில் நழுவி இறங்கும். அடுக்கிய புத்தகம், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த செங்கல், இதெல்லாம் வேண்டவே வேண்டாம். கட்டில் காலில் சக்கரம் இருந்தால் முதலில் அதைக் கழற்ற வேண்டும். நடுவில் ஐந்தாவது கால் உள்ள கட்டில்களை நிறையப் பேர் மறந்துவிடுவார்கள், தலைமாட்டை உயர்த்தினால் அந்த நடுக்கால் அந்தரத்தில் தொங்கும், அங்கே பாதி உயரத்துக்கு இன்னொரு கட்டை கொடுக்காவிட்டால் சட்டம் வளையும். அடியில் பெட்டி மாதிரி சாமான் வைக்கும் வசதியுள்ள கட்டில்களுக்குக் காலே கிடையாது, அவற்றுக்கு இது சரிவராது. அதற்குப் பதிலாக மெத்தைக்கு அடியில், அதன் முழு அகலத்துக்கும், நீளமாக மெல்லச் சரியும் நுரை ஆப்பு ஒன்றைக் கொடுக்கலாம். ஆனால் கெட்டியான ஸ்பிரிங் மெத்தை வளைந்துகொடுக்காமல் அடம்பிடிக்கும், நுரை மெத்தைக்குத்தான் அது பொருந்தும்.

ஒரே நாளில் 20 சென்டிமீட்டர் ஏற்ற வேண்டாம். நான் 10-ல் ஆரம்பித்து ஒரு வாரம் கழித்து 15 ஆக்கினேன், அங்கேயே நின்றுவிட்டேன். முதல் இரண்டு நாள் வழுக்கி இறங்குகிற மாதிரியே ஒரு உணர்வு இருக்கும், மூன்றாம் நாள் மறந்துபோகும். வழவழப்பான விரிப்பை மாற்றி முரட்டுப் பருத்தி விரிப்பு போட்டால் பாதி வழுக்கல் போய்விடும். பெரிய சங்கடம் கூடப் படுப்பவருக்குத்தான், அவருக்கு எந்த வியாதியும் இல்லாமலே சரிவில் படுக்க வேண்டியிருக்கிறது. இதைக் கேட்காமல் செய்துவிட்டு அவர் தூங்கிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், நான் நினைத்தேன், அடுத்த நாள் காலைப் பேச்சு நன்றாக இல்லை.

மோட்டார் கட்டிலும் சாய்வு நாற்காலியும்

பொத்தானை அழுத்தினால் தலைப்பக்கம் எழும் கட்டில் வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது சரிவு இல்லை, மடிப்பு. இடுப்பில் மடிந்து மேல்பாதி மட்டும் எழுகிறது, அதாவது சாய்வுத் தலையணையின் பெரிய, விலை கூடிய வடிவம். நிறைய எழுப்பினால் வயிறு அமுங்கும், கொஞ்சமாக எழுப்பி முழங்கால் பகுதியையும் சற்று உயர்த்தினால் சரியாமல் இருக்கலாம். சில மாடல்களில் கட்டில் முழுவதையும் மடிக்காமல் சாய்க்க ஒரு பொத்தான் தனியாக இருக்கிறது, வாங்குவதாக இருந்தால் அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். எரிச்சல் ஒன்றுக்காகவே இதில் காசு போடச் சொல்ல மாட்டேன். முதுகுவலி, மூச்சு என்று வேறு காரணமும் சேர்ந்திருந்தால் வாங்கலாம்.

சாய்வு நாற்காலியில் தூங்குவது நாலைந்து ராத்திரிக்குச் சரி. மாதக்கணக்கில் அதிலேயே படுத்தால் கால் வீங்கும், இடுப்பு பிடிக்கும்.

சாப்பாட்டு நேரம்

இது படுக்கை பற்றிய ஒப்பீடுதான், ஆனாலும் இதை விட்டால் மேலே சொன்ன எல்லாம் அரைகுறை. சாப்பிட்டுப் படுப்பதற்கு மூன்று மணி நேர இடைவெளி இருந்தால் இரைப்பையின் பெரும்பகுதி காலியாகியிருக்கும், தளர்ந்த வாயில் வழியாக ஏறுவதற்கு அதிகம் இருக்காது. ஜப்பானில் 2005-ல் வெளியான ஓர் ஆய்வில் மூன்று மணி நேரத்துக்குள் படுத்தவர்களை, நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ கழித்துப் படுத்தவர்களோடு ஒப்பிட்டதில், முதல் கூட்டத்தில் எதுக்களிப்பு நோய் இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஏழு மடங்கு. முதல் கேள்விக்கு, அதாவது ஏறுவதைக் குறைப்பதற்கு, எந்தத் தலையணையும் கட்டையும் இதற்குப் பக்கத்தில் வராது.

ஆனால் எல்லோராலும் முடியாது என்பதும் எனக்குத் தெரியும். வேலை முடிந்து பத்து மணிக்கு வீடு வந்து, பதினொன்றுக்குப் படுத்தால்தான் காலை ஐந்துக்கு எழ முடியும் என்கிற ஆளிடம் மூன்று மணி நேர இடைவெளி என்றால் சிரிப்பார். அவருக்குச் சொல்லக்கூடியது: வயிறு நிறையச் சாப்பிடுவதை மதியத்துக்கு மாற்றிக்கொண்டு ராத்திரி அளவைப் பாதியாக்குங்கள், எண்ணெயும் கொழுப்பும் உள்ளதை ராத்திரி தொடாதீர்கள், அது வயிற்றிலிருந்து இறங்க ரொம்ப நேரம் எடுக்கும். படுக்கும் முன் சொம்பு நிறையத் தண்ணீர் குடிப்பதும் வயிற்றை நிரப்பும் கணக்கில்தான் வரும். மது அந்த வளையத் தசையைத் தளர்த்தும், சிகரெட்டும் அப்படித்தான். தூக்கம் வரட்டும் என்று தூக்க மாத்திரை போடுபவர்களும் கவனிக்க வேண்டும், அமிலம் ஏறினால் சட்டென்று விழித்து விழுங்குவதுதான் உடம்பின் கடைசிப் பாதுகாப்பு, சில மாத்திரைகள் அந்த விழிப்பையே அமுக்கிவிடும்.

மாத்திரை மருந்து

இதைப் படுக்கையோடு போட்டியாக வைக்கக் கூடாது, இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன. மாத்திரை அமிலத்தைக் குறைக்கிறது, ஏறுவதை நிறுத்துவதில்லை. அதனால்தான் மாத்திரை போட்டும் புளிப்பில்லாமல் ஏதோ மேலே வருகிறது என்று சிலர் சொல்வார்கள்.

ஆன்டாசிட், அதாவது வயிற்றில் உள்ள அமிலத்தை அடக்கும் மருந்து, திரவமோ மென்று தின்னும் மாத்திரையோ சில நிமிஷத்தில் கேட்கும், ஆனால் வெறும் வயிற்றில் அதன் வேலை முக்கால் மணி நேரம் போல்தான் நீடிக்கும். இரண்டு மணிக்கு எழுந்தவனை மறுபடி தூங்கவைக்கும், ராத்திரி முழுக்கக் காக்காது. ஆல்ஜினேட் கலந்த திரவம் வேறு மாதிரி, அது வயிற்றில் உள்ளதன்மேல் ஜெல்லாக மிதந்து ஒரு மூடி போல நிற்கும். சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கும் முன்பும் குடிக்க வேண்டும், குடித்துவிட்டு மேலே தண்ணீர் குடித்தால் வீண். சிலவற்றில் சோடியம் கூடுதல், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பார்த்து வாங்க வேண்டும். ஃபாமோடிடின் படுக்கும் முன் போட்டால் ராத்திரி அமிலச் சுரப்பை நன்றாகக் குறைக்கும், ஆனால் தினமும் போட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு பழகி அதன் வீரியம் குறைகிறது. அதனால் தாமதமாகச் சாப்பிட நேர்ந்த நாட்களுக்கென்று அதை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் வகையில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. படுக்கும் முன் எரிகிறதே என்று படுக்கும் முன் போடுகிறார்கள். அது வேலை செய்யும் முறையே வேறு: சாப்பாடு வந்து அமிலம் சுரக்கும் பம்புகள் முடுக்கிவிடப்படும்போதுதான் அவற்றைப் பிடித்து நிறுத்தும். அதனால் சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். ராத்திரித் தொந்தரவு மட்டும் என்றால் காலை வேளையை இரவுச் சாப்பாட்டுக்கு முன்பாக மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், சிலருக்கு மாத்திரையின் அளவைக் கூட்டாமலே அந்த நேர மாற்றம் போதும். மாதக்கணக்கில் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் கொஞ்ச நாள் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரக்கும், அதைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று பயந்து மறுபடி ஆரம்பிப்பவர்கள் உண்டு.

யாருக்கு எது

உங்களுக்கு எப்போது எரிகிறது என்று பாருங்கள். படுத்த ஒரு மணி நேரத்துக்குள் என்றால் வயிறு இன்னும் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம், கட்டிலைத் தொடும் முன் சாப்பாட்டு நேரத்தை மாற்றுங்கள், அதோடு ஆல்ஜினேட். இரண்டு மூன்று மணிக்கு விழிப்பு வருகிறதென்றால் நீங்கள் வலப்பக்கமோ மல்லாந்தோ புரண்டிருக்கலாம், இடப்பக்கமும் கட்டில் சரிவும் உங்களுக்கானவை. ராத்திரி எதுவும் தெரியாமல் காலையில் மட்டும் தொண்டை கரகரப்பு, வாயில் புளிப்பு, வறட்டு இருமல் என்றால் எதுக்களிப்பாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். வாயைக் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பல் தேயுங்கள், அமிலம் பட்ட எனாமலை உடனே தேய்த்தால் அது தேய்ந்துபோகும். குறட்டையும், பகலில் தூங்கி விழுவதும் சேர்ந்திருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குக் கொடுக்கும், முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியே சிலருக்கு எதுக்களிப்பையும் குறைத்துவிடுகிறது. வயிறு பெருத்தவர்களுக்கு எடை குறைவதுதான் நீண்டகாலத்துக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய மருந்து, ஆனால் அது இன்று ராத்திரிக்கு உதவாது.

விழுங்கும்போது சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தவாந்தி, கறுத்த மலம், ரத்தசோகை, இதில் ஒன்று இருந்தாலும் தலையணை தேடாமல் நேராக மருத்துவரிடம் போங்கள். கையிலோ தாடையிலோ பரவும் நெஞ்சுவலி, வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் அது எரிச்சல்தான் என்று ஆன்டாசிட் குடித்துக் காத்திருக்கக் கூடாது, உடனே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும்.

என் படுக்கை இப்போது இப்படி இருக்கிறது: தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் குழிவு செதுக்கிய இரண்டு 15 சென்டிமீட்டர் கட்டைகள், நடுக்காலுக்கு ஒரு பாதிக் கட்டை, முதுகுக்குப் பின்னால் அந்த நீளத் தலையணை. சாய்வுத் தலையணை ஊருக்குப் போகும்போது மட்டும் காரில் ஏறுகிறது. தாமதமாகச் சாப்பிட்ட அன்று ஒரு மாத்திரை. போர்வை மட்டும் தினமும் காலையில் கால்மாட்டில் குவிந்து கிடக்கிறது, அதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.